குறைத்த வரி எங்கே போனது?



கடன், வரி, செலவுக் குறைப்பு. இந்த மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லி வாசிகசாலையினர் அழைத்தார்கள். இப்படி ஒரு தலைப்பைப் போட்டால் சனம் வராது என்று செயலாளர் பயந்தார். வந்திருக்கிறீர்கள். வராமல் எப்படி இருப்பீர்கள்? 2022ஆம் ஆண்டில் இந்த மூன்றும் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டனவே! மண்ணெண்ணெய்க்கு வரிசை. காஸுக்கு வரிசை. பெற்றோலுக்கு வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. அதற்கு முன்னர் பிணைமுறி என்றால் என்னவென்று கேட்டிராத வீடுகளிலும் அந்த ஆண்டு அதைப் பற்றிப் பேசினார்கள்.

இன்றைக்கு நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன். அதைச் சுற்றிச் சுற்றித்தான் வருவேன். ஓர் அரசாங்கம் வரியைக் குறைக்கிறது. அந்த அளவுக்குச் செலவைக் குறைக்கவில்லை என்று வையுங்கள். அப்போது அந்த வரி குறைவதில்லை. அது இடம் மாறுகிறது. ஒருவர் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலையில் ஏறுகிறது. மேடைகளிலே கட்சிகள் போடும் சண்டை, கடன் நல்லதா கெட்டதா, வரியைக் கூட்டவா குறைக்கவா என்று கேட்கும். அடியில் நடக்கும் சண்டை வேறு. யார் தலையில் என்பதுதான் அந்தச் சண்டை.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1953ஆம் ஆண்டு. டட்லி சேனநாயக்க பிரதமர். ஜே. ஆர். ஜயவர்தன நிதியமைச்சர். கொரிய யுத்த காலத்தில் எங்கள் றப்பருக்கு நல்ல விலை இருந்தது. பிறகு அது விழுந்தது. வெளியிலிருந்து வாங்கும் அரிசியோ விலை ஏறிக் கிடந்தது. திறைசேரியில் ஓட்டை. என்ன செய்தார்கள்? செலவைக் குறைத்தார்கள். பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணம் கூடியது, தபால் கட்டணம் கூடியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகளின் அழைப்பில் ஹர்த்தால். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை தரையில் கூடுவதற்குப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவியை விட்டுப் போனார்.

இந்த நாட்டு அரசியல்வாதிகள் அந்த நாளை மறக்கவே இல்லை. 1962இல் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பங்கீட்டு அரிசியில் கைவைக்கப் பார்த்தார். நிதியமைச்சர் பதவி போயிற்று. 1970இல் இரண்டு கொத்து அரிசி தருவோம், சந்திரனுக்குப் போயாவது கொண்டுவந்து தருவோம் என்று மேடையில் சொன்னதாக இன்றைக்கும் பெரியவர்கள் சிரித்துச் சொல்வார்கள். அந்தத் தேர்தலில் அப்படிச் சொன்னவர்களே வென்றார்கள்.

செலவைத் தொட்டால் ஆட்சி போகும். வரியைத் தொட்டால் வாக்குப் போகும். கடனைத் தொட்டால்? ஒரு சத்தமும் வராது. ஆகவே கடனைத் தொட்டார்கள். பச்சை, நீலம் என்று மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகளும் தொட்டன. 1990 அளவில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 20 வீதம் அரச வருமானமாக வந்தது. 2019இல் அது 12 வீதத்துக்குச் சற்றுக் கூட. இலவச ஆஸ்பத்திரி அப்படியே இருந்தது, இலவசக் கல்வி அப்படியே இருந்தது, இராணுவம் பெருத்தது, வருமானம் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. 2007இல் யுத்தத்தின் நடுவே, முதல் தடவையாகச் சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலருக்குப் பிணைமுறி, அதாவது அரசாங்கக் கடன் பத்திரம், விற்றோம். பிறகு கை நின்றதா? 2022இல் அந்த வகைக் கடன் மட்டும் 12 பில்லியன் டொலரைத் தாண்டி நின்றது.

சரி, 2019க்கு வருவோம். அதற்கு முன்னர் 2016ஐ ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். இதைப் பலர் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

2016இல் நல்லாட்சி அரசாங்கம் பெறுமதி சேர் வரியை, நாங்கள் சாதாரணமாகச் சொல்லும் வற் வரியை, 11 வீதத்திலிருந்து 15 வீதமாக்கியது. பாராளுமன்ற நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அரசாங்கம் திரும்பவும் சட்டமூலம் கொண்டுவந்து, நிறைவேற்றி, நவம்பரில்தான் அந்த 15 வீதத்தை மறுபடி அறவிட முடிந்தது. நல்லது. அரச நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. நீதிமன்றம் அதைக் காப்பாற்றியது.

2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். மாதம் முடிவதற்குள் அமைச்சரவை கூடி முடிவெடுத்தது. டிசம்பர் முதலாம் திகதியே வற் வரி 15இலிருந்து 8 ஆயிற்று. தேச நிர்மாண வரி போயிற்று. சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் வரி போயிற்று. ஆண்டு விற்பனை 12 மில்லியன் ரூபாயைத் தாண்டினால் வற் வரிக்குப் பதியவேண்டும் என்றிருந்த எல்லை, 300 மில்லியன் ஆயிற்று. பாராளுமன்றம் 2020 மார்ச்சில் கலைந்தது, ஓகஸ்டில்தான் திரும்பக் கூடியது. வருமான வரி மாற்றங்களுக்கு முழுமையான சட்டம் வந்தது 2021 மேயில்! அதுவரைக்கும் இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் வரி வசூல் நடந்தது.

வரியைக் கூட்டியபோது வழக்குப் போட்டோம். வரியைக் குறைத்தபோது? ஒருவராவது நீதிமன்றப் படியேறினாரா? ஏன் ஏறவில்லை? எல்லோரும் அதைப் பரிசு என்று நினைத்தோம். பரிசுக்கு யாராவது வழக்குப் போடுவார்களா? ஆனால் அந்தப் பரிசில் பெரிய பங்கு யாருக்குப் போனது என்று பாருங்கள். ஆண்டுக்கு 12 மில்லியனுக்கும் 300 மில்லியனுக்கும் இடையில் வியாபாரம் செய்தவருக்கு. நல்ல சம்பளக்காரருக்கு. தேயிலை கிள்ளும் அக்காவுக்கு வருமான வரியும் இல்லை, வற் பதிவும் இல்லை. அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது கடையில் சாமான் விலைக் குறைவு ஒன்றுதான். அது எவ்வளவு கிடைத்தது, எத்தனை மாதம் நின்றது என்று அவரிடமே கேளுங்கள்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, தேர்தலுக்கு முன்னரே சொன்னார்: இந்த வாக்குறுதிகளை நிறைவேற்றினால் நாடு வங்குரோத்தாகும், வெனிசுவேலா மாதிரி, கிரேக்கம் மாதிரி ஆகும் என்று. தேர்தல் மேடையில் யாருக்கு அது எடுபடும்? அவர் 2021 ஓகஸ்டில் கோவிட்டில் இறந்துபோனார். வங்குரோத்து அறிவிப்பு வந்தது எட்டு மாதம் கழித்து.

நியாயமாகவும் பேசவேண்டும். வரியைக் குறைத்தவர்களுக்கும் ஒரு வாதம் இருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். அதற்குப் பிறகு ஹோட்டல்கள் காலி, கடைகள் காலி. வரியைக் குறைத்தால் வியாபாரம் எழும்பும், எழும்பினால் குறைந்த வீதத்திலும் கூடிய வரி வரும் என்றார்கள். உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாதம்தான். சில இடங்களில், வரி மிகக் கடுமையாக உள்ள இடங்களில், அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். நூறு ரூபாய் உற்பத்தியில் பன்னிரண்டு ரூபாய் மட்டுமே வசூலிக்கும் நாட்டில் அது எப்படிப் பலிக்கும்? பிறகு கோவிட் வந்தது. கோவிட்தான் காரணம் என்று இன்றைக்கும் ஒரு தரப்புச் சொல்கிறது. கோவிட் எல்லா நாட்டுக்கும் வந்தது ஐயா! உல்லாசப் பயணத்தை நம்பியிருந்த நாடுகள் பல அடிவாங்கின. எல்லாமா கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தன? நாங்கள் கோவிட்டுக்கு மூன்று மாதம் முன்னரே குடையைத் தூக்கி எறிந்துவிட்டு மழைக்குள் போனோம்.

2021இல் அரச வருமானம் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 8 வீதத்துக்கு இறங்கியது. திறைசேரிக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபது ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சம் முப்பதில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொலிஸ், இராணுவம், ஓய்வூதியம், வீதி. முடியுமா?

“வரி ரூபாயில், வெளிநாட்டுக் கடன் டொலரில், இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வருமானம் விழுந்ததைப் பார்த்த தரப்படுத்தல் நிறுவனங்கள் எங்கள் தரத்தை இறக்கின. தரம் இறங்கியதும் சந்தை புதுக் கடன் தர மறுத்தது. பழைய கடனைப் புதுக் கடனால் அடைத்துப் பழகியவர்கள் நாங்கள். இப்போது கையிருப்பு டொலரிலிருந்து அடைக்கவேண்டி வந்தது. 2019 கடைசியில் 7.6 பில்லியன் டொலர் கையிருப்பு. அது வற்றிக்கொண்டே போனது. உள்ளே திறைசேரிப் பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி ரூபாயை அச்சிட்டது. அச்சிட்ட ரூபாய் சந்தைக்கு வந்து, இருந்த கொஞ்ச டொலரையும் தேடி ஓடியது. ரூபாயில் விட்ட ஓட்டை டொலரில் ஒழுகியது. அவ்வளவுதான் சம்பந்தம்.

2022 ஜனவரி 18ஆம் திகதியை நினைவுபடுத்துகிறேன். அன்றைக்கு 500 மில்லியன் டொலர் பிணைமுறி ஒன்று முதிர்ந்தது. கட்டாதீர்கள், இப்போதே கடன்காரர்களோடு பேச்சுக்குப் போங்கள், அந்த டொலரில் மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள் என்று பொருளியலாளர்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள். மத்திய வங்கி கட்டியது. ஒரு சதம் பாக்கியில்லாமல் கட்டியது. நாட்டின் மானம் காக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவை. ஜனவரியில் கட்டிய காசு யார் கைக்குப் போனது? பிணைமுறிக்காரர் கைக்கு. ஏப்ரலில் வரிசையில் நின்றது யார்? நீங்களும் நானும்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் குறைத்த வரி எங்கே போனது? தேடிப் பார்ப்போம்.

முதலில் அது விலையாக வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 வீத பணவீக்கத்தைக் காட்டியது. உணவு மட்டும் எடுத்தால் 94.9 வீதம். பணவீக்கம் என்பது ஒரு வரி. பாராளுமன்றத்தில் சட்டமூலம் இல்லாத வரி. வர்த்தமானி இல்லாத வரி. வாக்கெடுப்பு இல்லாத வரி. யார் கூடக் கட்டினார்கள்? வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிப்பவர்கள். மலையகத்து லயன் வீட்டில் கோதுமை மா ரொட்டிதான் சாப்பாடு. மா விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது 2021இல், பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அந்த ஆயிரத்தின் பெறுமதி அடுத்த வருடமே கரைந்துவிட்டது. ஓராண்டுக்குள் நாட்டின் வறுமை இரட்டித்ததாக உலக வங்கி மதிப்பிட்டது.

பிறகு அது வற் வரியாகவே திரும்பி வந்தது, வட்டியோடு. 2022 ஜூனில் 12 வீதம். செப்டெம்பரில் 15. 2024 ஜனவரி முதலாம் திகதி 18. எட்டாகக் குறைத்தவர்கள் எங்களைப் பதினெட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முன்னர் விலக்கு இருந்த பல பொருட்களுக்கும் விலக்கு போனது: காஸ், எரிபொருள், புத்தகம்கூட. வாசிகசாலை மண்டபத்தில் நின்று இதைச் சொல்ல எனக்கு ஒரு தனி வருத்தம்.

பிறகு அது மின்கட்டணமாக வந்தது. 2022 ஓகஸ்டில் 75 வீதம், ஆறு மாதம் கழித்து இன்னொரு 66 வீதம். இதை நீட்ட வேண்டியதில்லை. பில் உங்கள் வீட்டில் இருக்கிறது.

பிறகு, இதுதான் எனக்கு மிகவும் மனம் ஆறாதது, அது ஊழியர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குள் புகுந்தது. 2023 ஜூன் கடைசியில் ஐந்து நாள் தொடர்ச்சியாக வங்கிகளை மூடிவைத்து, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஜூலை முதலாம் திகதி பாராளுமன்றத்தில் 122க்கு 62 வாக்குகளால் நிறைவேறியது. அரசாங்கம் யாரிடம் உள்நாட்டில் கடன்பட்டிருந்தது? வங்கிகளிடம், தனியார் முதலீட்டாளர்களிடம், ஊழியர் சேமலாப நிதியிடம். பிணைமுறி விஷயத்தில் யாரைத் தொட்டார்கள்? சேமலாப நிதியை. பழைய பிணைமுறியைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 வீதமும் அதற்குப் பிறகு 9 வீதமும் தரும் புதிய பிணைமுறியை வாங்கிக்கொள். மறுத்தால் உன் வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம் என்றார்கள். வங்கிகளைத் தொட்டால் வங்கித் துறை ஆட்டங்காணும், அவை ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன என்று விளக்கம் சொன்னார்கள். வங்கி ஆட்டங்காணக் கூடாது என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் பெரிய தனியார் முதலீட்டாளர்? அந்தக் காலத்தில் மிக உயர்ந்த வட்டிக்குத் திறைசேரிப் பிணைமுறி வாங்கியவர்? அவர் ஏன் தப்பினார்? தையல் ஆலையில் வேலைசெய்யும் தங்கச்சி ஏன் தப்பவில்லை? அவருக்குத் தன் காசு அரசாங்கத்துக்குக் கடனாகப் போயிருக்கிறது என்பதே தெரியாது. தெரியாதவர் கத்தமாட்டார். கத்தாதவர் தலையில் ஏற்றுவது சுலபம்.

கத்தினவர்களும் இருந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைப்பவருக்கு வருமான வரி, உச்ச வீதம் 36. வைத்தியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் வீதியில் இறங்கினார்கள். இந்தச் சபையிலும் அவர்கள் இருக்கிறார்கள், என்னோடு கோபிக்கவேண்டாம்: வந்த சுமைகளுக்குள் ஒப்பீட்டளவில் நியாயமானது அதுதான். உழைப்பவர் உழைப்புக்கேற்பக் கட்டுவது. பிழை அந்த வரியில் இல்லை. அது ஒரே மூச்சில், விலை ஏறிக் கிடந்த நேரத்தில் வந்ததில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்த எல்லையை ஒன்றரை இலட்சமாக்கினார்கள். சத்தம் போட்டவருக்குச் சலுகை வந்தது. வற் வரி 18 அப்படியே நின்றது.

செலவைக் குறைத்திருக்கலாமே என்பீர்கள். குறைக்கலாம். எதை? 2023 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுகாதாரத்துக்கு ஒதுக்கியதையும் விடக் கூட, கல்விக்கு ஒதுக்கியதையும் விடக் கூட. யுத்தம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த ஜனவரியில்தான் அரசாங்கம் வாயைத் திறந்து, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இராணுவத்தை 2024இல் ஒரு இலட்சத்து முப்பத்தைந்தாயிரமாகவும் 2030இல் ஒரு இலட்சமாகவும் குறைப்போம் என்றது. வடக்கில் இருப்பவன் இதைச் சொன்னால் அரசியல் என்பார்கள். நான் கணக்கைத்தான் சொல்கிறேன். இத்தனை காலமும் அந்த எண்ணிக்கையைத் தொடாமல் இருந்தது கொழும்பு அரசியலின் பயம். அதற்கான கடனில் எங்கள் பங்கும் உண்டு, சிங்கள விவசாயியின் பங்கும் உண்டு.

2023 நவம்பர் 14ஆம் திகதி, இந்த நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதிகள் இருவர், முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், மற்றும் சில உயர் அதிகாரிகள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு. வரிக் குறைப்பும் அந்தக் கணக்கில் வந்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். வரலாற்றுப் பெருமை மிக்க தீர்ப்பு, ஐயமில்லை. சேமலாப நிதியில் குறைந்த வட்டியை அது திருப்பித் தராது.

இன்றைக்கு ஆட்சியில் தேசிய மக்கள் சக்தி. எதிரணியில் இருந்தபோது சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளைக் கடுமையாக விமர்சித்தவர்கள். ஆட்சிக்கு வந்தபின் அதே இலக்குகளைத் தொடர்கிறார்கள். துரோகம் என்று ஒரு பக்கம், பொறுப்பு என்று மறுபக்கம். என்னைக் கேட்டால் இரண்டும் பாதிக் கதை. நான் வேறொன்றைப் பார்க்கிறேன். வற் வரி 18 ஆவதற்கு நாள் குறித்தார்கள். குறித்த நாளில், புதுவருடம் பிறந்த அன்றைக்கே வந்தது. வசதியானவர்களின் வீடு, வளவு மீது சொத்து வரி ஒன்று கொண்டுவருவதும் நாணய நிதியத்துடனான அதே ஒப்பந்தத்தில் பேசப்பட்டது. அதற்கும் நாள் குறித்தார்கள். தள்ளிவைத்தார்கள். திரும்பக் குறித்தார்கள். திரும்பத் தள்ளிவைத்தார்கள். முந்தைய அரசாங்கமும் தள்ளியது, இந்த அரசாங்கமும் தள்ளுகிறது. கட்டுமானப் பொருள், பிள்ளையின் கொப்பி, சவர்க்காரம், இவற்றின் மீதான அந்த வரி உயர்வு ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

2028இலிருந்து வெளிநாட்டுக் கடனின் முதலைத் திருப்பிக் கட்டும் பாரம் கூடும். அதற்கடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல். வற் வரியைக் குறைப்போம் என்று யாரோ ஒருவர் இந்தத் தெருவுக்கு வரத்தான் போகிறார். வற் வரி குறையவேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் அவரை இந்த மண்டபத்துக்குக் கூப்பிடுங்கள், இதே கதிரையில் இருத்துங்கள், குறைக்கும் ஒவ்வொரு வீதத்துக்கும் பதிலாக எந்த வரி, எந்தச் செலவு, யார் தலையில் என்று எழுதிக் கேளுங்கள். சொத்து வரி என்று சொல்வாரா பாருங்கள். இராணுவச் செலவு என்று சொல்வாரா பாருங்கள். வளர்ச்சி வரும், அதில் சரிக்கட்டுவோம் என்று சொன்னால், 2019இலும் அதையே சொன்னார்கள் என்று சொல்லுங்கள்.

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். சேமலாப நிதியைப் பற்றி நான் சொன்னபோது இடப்பக்கத்தில் வங்கி ஊழியர் சங்க நண்பர்கள் தலையை ஆட்டி மறுத்ததைக் கவனித்தேன். வங்கிகளைத் தொட்டிருந்தால் வைப்பாளர்களின் காசு என்னவாகியிருக்கும் என்று கேட்கப்போகிறார்கள். அது கேட்கவேண்டிய கேள்வி. அவர்களே முதலில் பேசட்டும்.